2028க்கு யார்? ஒரு நியூ ஹாம்ப்ஷயர்க்காரனின் கணக்கு

2013 பிப்ரவரியில் டைம் வார இதழ் மார்கோ ரூபியோவை அட்டையில் போட்டு, ‘குடியரசுக் கட்சியின் மீட்பர்’ என்று தலைப்பு வைத்தது. அவருக்கு அப்போது வயது 41. கியூபாவிலிருந்து வந்த பெற்றோர். அப்பா மதுக்கூடத்தில் பரிமாறியவர், அம்மா ஹோட்டலில் அறை சுத்தம் செய்தவர். பிள்ளை ஃப்ளோரிடாவின் செனட்டர், இரண்டு மொழியிலும் வெளுத்து வாங்குவார். முந்தைய நவம்பரில் மிட் ராம்னி ஒபாமாவிடம் தோற்றிருந்தார். லத்தீனோ மக்களின் வாக்கு கைநழுவியது ஒரு முக்கியக் காரணம் என்று கட்சியே உட்கார்ந்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் அடுத்தது ரூபியோதானே? கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

மூன்று ஆண்டு கழித்து, 2016 மார்ச் 15 அன்று, சொந்த மாநிலமான ஃப்ளோரிடாவிலேயே ட்ரம்ப்பிடம் தோற்று, அன்று இரவே விலகினார். அதுவரை அவர் வென்றது மினசோட்டா, போர்ட்டோ ரிக்கோ, வாஷிங்டன் டி.சி. அவ்வளவுதான்.

அந்த அட்டையைப் போட்டவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. போன தேர்வில் வந்த கேள்விக்கு அருமையான விடை தயார் செய்து வைத்திருந்தார்கள். 2016இல் கேள்வித்தாளே மாறிவிட்டது.

நான் இருப்பது நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், நாஷுவா என்கிற ஊரில். பாஸ்டனிலிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. மொத்த மாநிலத்துக்கும் மக்கள்தொகை சுமார் 14 லட்சம், அதாவது மதுரையும் அதன் சுற்றுப்புறமும் சேர்ந்தால் வருகிற அளவு. ஆனால் உட்கட்சித் தேர்தலை, இங்கே சொல்கிற பெயரில் பிரைமரியை, வேறு எந்த மாநிலத்துக்கும் முன்னால் நடத்தியே தீரவேண்டும் என்று மாநிலச் சட்டமே இருக்கிறது. அதனால் அதிபர் ஆசை உள்ள எவரும் இங்கே வந்தாக வேண்டும். தேர்தலுக்கு மூன்று வருடம் இருக்கும்போதே வர ஆரம்பித்துவிடுவார்கள். கேட்டால், “உள்ளூர் நண்பருக்குப் பிரசாரம் செய்ய வந்தேன்” என்பார்கள்.

பக்கத்து மான்செஸ்டரில் செயிண்ட் ஆன்செல்ம் கல்லூரியை ஒட்டி ‘பாலிடிக்ஸ் அண்ட் எக்ஸ்’ என்று ஒரு காலை உணவுக் கூட்டம் நடக்கும். வருகிற தலைவர்கள் பேசி முடித்ததும் மரத்தால் செய்த முட்டைகளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அந்த முட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, “நான் 2028 பற்றி யோசிக்கவே இல்லை” என்று ஒருவர் சொன்னால், அவர் வேறு எதையும் யோசிக்கவில்லை என்று பொருள்.

இப்படி ஓர் ஊரில் இருப்பதால், சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நண்பர்களுக்கு நான் ஒரு கிளி ஜோசியக்காரன். வாட்ஸ்அப்பில் யாராவது ஒரு காணொளியை அனுப்பி, “இந்த ஆள் என்ன பேச்சு பேசுறான் பாரு, அடுத்தது இவன்தானே?” என்று கேட்பார்கள். எல்லாரும் ஆளைத்தான் பார்க்கிறார்கள். பேச்சு, முகம், வயது, குடும்பம், படித்த கல்லூரி. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்கிற நம்பிக்கை. எனக்கு இதில் நம்பிக்கை போய் ரொம்ப நாளாயிற்று. யார் வேட்பாளர் ஆவார் என்பதை அந்த ஆளைவிட அவர் நுழைகிற நேரத்தில் எந்த இடம் காலியாக இருக்கிறது என்பதுதான் அதிகம் தீர்மானிக்கிறது.

இதை நேரில் பார்த்தது 2020 பிரைமரிக்கு முந்தைய ஆண்டு, எங்கள் பக்கத்து நூலகம் ஒன்றில். ஒரு மாநிலத்தில் ஆளுநராக இருந்தவர் வந்திருந்தார். (நம்மூர் ஆளுநரை நினைத்துக்கொள்ள வேண்டாம். இங்கே ஆளுநர் என்றால் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் முதல்வர் மாதிரி.) பெயர் வேண்டாம். போட்டிருந்த நாற்காலிகளில் பாதி காலி. ஓரமாக ஒரு மேசையில் பிளாஸ்க்கில் காபி, ஒரு தட்டில் பிஸ்கட். மனிதர் அருமையாகப் பேசினார். மருத்துவக் காப்பீடு பற்றி ஒரு பாட்டி குறுக்கே குறுக்கே கேட்டதற்கெல்லாம் முகம் சுளிக்காமல், தாள் பார்க்காமல், எண்ணிக்கையோடு பதில் சொன்னார். முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் வந்து கைகொடுத்தார். என்னிடம் வந்து, “உங்கள் ஆதரவை எதிர்பார்க்கலாமா?” என்றார். எனக்கு ஓட்டு இல்லை, இன்னும் குடியுரிமை வரவில்லை என்றேன். ஒரு நொடி விழித்தவர், “அப்படியானால் ஓட்டு இருக்கிற நண்பர் யாரையாவது கூட்டி வந்திருக்கலாமே” என்று சொல்லிச் சிரித்தார். கண்ணில் சிரிப்பில்லை.

எந்தக் கணக்கில் பார்த்தாலும் அதிபர் வேலைக்குத் தகுதியானவர். அனுபவம் உண்டு, தேர்தலில் வென்ற பழக்கம் உண்டு, பேச்சு உண்டு. ஆனால் ‘அனுபவமுள்ள, மிதவாதியான, வயதான பெரியவர்’ என்கிற நாற்காலியில் ஜோ பைடன் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்திருக்காதவரை இவருக்கு இடமே இல்லை. முதல் வாக்கு விழுவதற்கு முன்பே இவர் விலகிவிட்டார்.

அதிபர் வேட்பாளரை அறிவிக்கிற கட்சி மாநாட்டில் முக்கிய உரை ஆற்றினால் அடுத்த வேட்பாளர் என்று ஒரு சாஸ்திரம் உண்டு. அதற்கு ஆதாரம் ஒரே ஒரு பேச்சு: 2004 ஜூலை 27, பாஸ்டன், பராக் ஒபாமா. அப்போது அவர் இல்லினாய் மாநில செனட்டில் உறுப்பினர், நம்மூர்க் கணக்கில் எம்.எல்.ஏ. என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கே ஆண்டில் அதிபர் வேட்பாளர். சரி, அதே மேடையில் அதே உரையை ஆற்றிய மற்றவர்கள் என்ன ஆனார்கள்? 1996இல் இவான் பே. பத்து வருடம் கழித்து அதிபர் ஆசையோடு ஆய்வுக் குழு அமைத்தார், இரண்டே வாரத்தில் கலைத்தார். 2000இல் ஹரால்டு ஃபோர்டு ஜூனியர். 2006இல் டென்னசி செனட் தேர்தலில் தோற்றார். 2008இல் மார்க் வார்னர், 2012இல் ஹூலியன் காஸ்ட்ரோ, அதே ஆண்டு குடியரசுக் கட்சிப் பக்கம் கிறிஸ் கிறிஸ்டி. ஒருவரும் வேட்பாளர் ஆகவில்லை. 1984இல் சான் பிரான்சிஸ்கோவில் மேடையை அதிரவைத்த நியூயார்க் ஆளுநர் மரியோ குவோமோவின் கதைக்குப் பிறகு வருகிறேன்.

1988இல் பில் கிளின்டனுக்குக் கிடைத்தது வேறு வாய்ப்பு, டுகாகிஸை வேட்பாளராக முன்மொழியும் உரை. அரை மணி நேரத்துக்கு மேல் இழுத்தார். “முடிவாக” என்று அவர் சொன்னதும் கூட்டம் நிம்மதியில் கைதட்டியது. ஆள் தீர்ந்தார் என்று எழுதினார்கள். சில நாளிலேயே ஜானி கார்சனின் இரவு நிகழ்ச்சிக்குப் போனார். கார்சன் மேசைமேல் மணல் கடிகாரத்தை எடுத்து வைத்தார். கிளின்டன் தன்னைத் தானே கிண்டலடித்து, சாக்ஸபோனும் வாசித்துவிட்டு வந்தார். அடுத்த தேர்தலில் அவர்தான் வேட்பாளர். பேச்சை வைத்துக் கணித்தவர்கள் எல்லாரும் அன்று குவோமோ மேல்தான் பணம் கட்டியிருப்பார்கள்.

ஒபாமாவின் கதையிலேயேகூட, பேச்சைக் கழற்றி வைத்துவிட்டு மீதியைப் பாருங்கள். 2000இல் சிகாகோவில் பாபி ரஷ் என்கிற எம்.பி.யை எதிர்த்துக் கட்சிக்குள் நின்று, ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றார். அந்த ஆண்டு மாநாட்டுக்கு லாஸ் ஏஞ்சலஸ் போனபோது விமான நிலையத்தில் வாடகைக் கார் எடுக்க நீட்டிய கிரெடிட் கார்டு செல்லவில்லை. அரங்கத்துக்குள் போக அனுமதிச் சீட்டும் கிடைக்கவில்லை. மாநாடு முடியுமுன்னே ஊர் திரும்பினார். இதை அவரே சொல்லியிருக்கிறார். 2004 செனட் தேர்தலில் கட்சிக்குள் முன்னணியில் இருந்த பெரும் பணக்காரர் பிளேர் ஹல்லின் விவாகரத்து ஆவணங்கள் வெளியாகி அவர் சரிந்தார். எதிர்க்கட்சி வேட்பாளர் ஜாக் ரயனின் விவாகரத்து ஆவணங்களும் வெளியாகி அவரும் விலகினார். குடியரசுக் கட்சி வேறு வழியில்லாமல் மேரிலாண்டிலிருந்து ஆலன் கீஸைக் கொண்டுவந்து நிறுத்தியது. ஒபாமாவுக்கு 70 சதவீதம்.

இதெல்லாம் அதிர்ஷ்டம் என்று விடலாம். காலியிடம் என்று நான் சொல்வது இதற்கு அடுத்தது. 2002 அக்டோபர் 2 அன்று சிகாகோவில் ஒரு போர் எதிர்ப்புக் கூட்டத்தில் ஈராக் போர் முட்டாள்தனமானது என்று பேசினார். ஒன்பது நாள் கழித்து வாஷிங்டனில் செனட் அந்தப் போருக்கு அனுமதி கொடுத்தது. ஹிலரி கிளின்டன், ஜான் எட்வர்ட்ஸ், பைடன் மூவரும் ஆதரித்து ஓட்டுப்போட்டார்கள். ஒபாமா அப்போது செனட்டில் இல்லை, அதனால் ஓட்டுப்போட வேண்டிய தர்மசங்கடமும் இல்லை. பாபி ரஷ்ஷிடம் தோற்றது பெரிய உபகாரம் என்றுகூடச் சொல்லுவேன். வென்றிருந்தால் பிரதிநிதிகள் சபையில் அவர் பலரில் ஒருவர். 2008 ஜனவரியில் அயோவாவில் (அங்கே நடப்பது பிரைமரி இல்லை, காகஸ் என்கிற கட்சிக் கூட்டம், அதனால் எங்களுக்கு முன்னால் நடந்தது) ஜனநாயகக் கட்சியினர் போர் மேல் கொதித்துப்போயிருந்தபோது, பெரிய வேட்பாளர்களில் கறைபடாத கையோடு நின்றது அவர் ஒருவர்தான். ஒபாமா 38, எட்வர்ட்ஸ் 30, ஹிலரி 29.

அவருடைய ஆலோசகர் டேவிட் ஆக்சல்ராட் இதை ஒரு விதியாகவே சொல்லுவார்: பதவியிலிருந்து போகிற அதிபரின் நகலை மக்கள் தேடுவதில்லை, அவரிடம் இல்லாததை உடையவரைத் தேடுகிறார்கள். நிக்சனுக்குப் பிறகு ‘உங்களிடம் பொய் சொல்லமாட்டேன்’ என்ற கடலைப் பண்ணைக்காரர் கார்ட்டர். புஷ்ஷுக்குப் பிறகு ஒபாமா. ஒபாமாவுக்குப் பிறகு ட்ரம்ப். ட்ரம்ப்புக்கு எதிராகப் பைடன். எனக்கு இந்த விதி பாதிதான் உடன்பாடு. எந்த மாதிரி ஆள் என்று சொல்லுமே தவிர எந்த ஆள் என்று சொல்லாது. அதற்கு வேறொன்றைப் பார்க்க வேண்டும்: யார் யார் வரவில்லை என்பதை.

இப்போது குவோமோ. 1991 மார்ச்சில் வளைகுடாப் போர் முடிந்தவுடன் கேலப் கணிப்பில் மூத்த புஷ்ஷுக்கு 89 சதவீதம் ஆதரவு. இந்த ஆளோடு மோதி யார் பெயரைக் கெடுத்துக்கொள்வது என்று ஜனநாயகக் கட்சியின் பெரிய தலைகள் ஒவ்வொன்றாக ஒதுங்கின. கெப்ஹார்ட் இல்லை, கோர் இல்லை, பிராட்லி இல்லை. குவோமோ மட்டும் வருவேன், மாட்டேன் என்று இழுத்துக்கொண்டே இருந்தார். டிசம்பர் 20, நியூ ஹாம்ப்ஷயரில் மனுத்தாக்கலுக்குக் கடைசி நாள். கட்டணம் ஆயிரம் டாலர். ஆல்பனி விமான நிலையத்தில் அவருக்காக விமானம் காத்துக்கொண்டிருந்தது. எங்கள் தலைநகர் கான்கார்டில் நிருபர்கள் அலுவலகத்தை மொய்த்துக்கொண்டிருந்தார்கள். நேரம் முடிய கொஞ்சம் இருக்கும்போது, நியூயார்க்கின் பட்ஜெட் சிக்கலைக் காரணம் காட்டி வரவில்லை என்று அறிவித்தார். விமானம் கிளம்பவே இல்லை.

காலியான அந்த வீட்டுக்குள் நுழைந்தவர்தான் ஆர்கன்சாவின் ஆளுநர் கிளின்டன். நியூ ஹாம்ப்ஷயரில் அவர் முதலாவதாகக்கூட வரவில்லை. இரண்டாமிடம் பிடித்துவிட்டு வெற்றி உரை மாதிரி ஒரு உரை ஆற்றினார், ஊரும் நம்பியது. அதற்குள் பொருளாதாரம் சரிந்து புஷ்ஷின் 89 கரைந்து போயிருந்தது. பயந்து ஒதுங்கியவர்கள் அவர் பதவியேற்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எதிர்பார்ப்பு என்பது இங்கே தனி விளையாட்டு. 1972இல் எட்மண்ட் மஸ்கிதான் ஜனநாயகக் கட்சியின் நிச்சய வேட்பாளர். பக்கத்து மாநிலமான மெய்னின் செனட்டர். பிப்ரவரி மாதக் கொட்டும் பனியில், மான்செஸ்டர் யூனியன் லீடர் பத்திரிகை அலுவலகத்துக்கு எதிரே ஒரு லாரிமேல் நின்று, தன் மனைவியைப் பற்றி அது எழுதியதைக் கண்டித்துப் பேசினார். குரல் உடைந்தது. அழுதார் என்றன பத்திரிகைகள், முகத்தில் விழுந்த பனி உருகியது என்றார் அவர். பிரைமரியில் அவர் வென்றார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 46க்கு 37, மெக்கவர்ன் இரண்டாமிடம். பக்கத்து மாநிலத்துக்காரர் ஐம்பதைத் தாண்டாதது தோல்வி என்று ஊடகங்கள் முடிவு கட்டின. வேட்பாளர் ஆனவர் மெக்கவர்ன். பிரைமரி விதிகளைத் திருத்தி எழுதிய குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவர்தான். விதி எழுதத் தெரிந்தவருக்கு விளையாடவும் தெரிந்திருந்தது.

வாயால் கெட்டவர்கள் பட்டியல் தனி. 1967இல் மிட் ராம்னியின் அப்பா ஜார்ஜ் ராம்னி, வியட்நாமில் ராணுவத் தளபதிகள் தன்னை மூளைச்சலவை செய்துவிட்டார்கள் என்று ஒரு பேட்டியில் சொன்னார், கதை முடிந்தது. 1979இல் டெட் கென்னடியிடம், ஏன் அதிபராக விரும்புகிறீர்கள் என்று தொலைக்காட்சி நிருபர் ராஜர் மட் கேட்டார். கென்னடி குடும்பத்து வாரிசு பதில் தெரியாமல் தடுமாறினார். 2011இல் ரிக் பெர்ரி, தான் வந்தால் மூன்று அமைச்சகங்களை மூடப்போவதாகச் சொல்லி, மூன்றாவதன் பெயர் மறந்து “ஊப்ஸ்” என்றார். மறந்தது எரிசக்தித் துறை. 2017இல் ட்ரம்ப் அவரை அதே துறைக்கு அமைச்சராக்கினார். இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும்.

2016 நியூ ஹாம்ப்ஷயரில் நடந்ததை இன்னும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ‘கட்சிதான் தீர்மானிக்கும்’ என்று பேராசிரியர்கள் கட்டிய கோட்பாடு அங்கேதான் உடைந்தது. பெரிய நன்கொடையாளர்களும் ஆளுநர்களும் செனட்டர்களும் திரைக்குப் பின்னால் யாரை ஆதரிக்கிறார்களோ அவரே வேட்பாளர் என்பது கோட்பாடு. பல தேர்தல்களுக்கு அது பொருந்தியும் வந்தது. இளைய புஷ்ஷின் தம்பி ஜெப் புஷ்ஷின் ஆதரவுக் குழு 10 கோடி டாலருக்கு மேல் திரட்டி வைத்திருந்தது. அவர் ஹானோவரில் ஒரு கூட்டத்தில் பேசி முடித்துவிட்டு, யாரும் அசையாததைப் பார்த்து “தயவுசெய்து கைதட்டுங்கள்” என்றார். பிரைமரிக்கு மூன்று நாள் முன்பு செயிண்ட் ஆன்செல்ம் கல்லூரி விவாத மேடையில், ரூபியோ மனப்பாடம் செய்த ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்று கிறிஸ்டி போட்டுடைத்தார். ரூபியோ பதிலாக அதே வாக்கியத்தை மறுபடி சொன்னார். ஐந்தாமிடம் போனார். அவரைச் சாய்த்த கிறிஸ்டி ஆறாமிடம் வந்து மறுநாள் விலகினார்.

ட்ரம்ப்புக்கு அன்று கிடைத்தது 35 சதவீதம். கேசிக், க்ரூஸ், புஷ், ரூபியோ, கிறிஸ்டி ஐவரும் சேர்ந்தால் 56 சதவீதத்துக்கு மேல். ஒருவர் மற்றவருக்காக விலகியிருந்தால் என்று பேசாத ஆளில்லை. யாரும் விலகவில்லை, ஏனென்றால் ஒவ்வொருவரும் அடுத்தவன்தான் விலகுவான் என்று காத்திருந்தார்கள். தென் கரோலினாவில் ட்ரம்ப்புக்கு 32.5 சதவீதம்தான், ஆனால் குடியரசுக் கட்சி விதிப்படி அங்கிருந்த 50 மாநாட்டுப் பிரதிநிதிகளும் அவருக்கே போனார்கள்.

2020இல் ஜனநாயகக் கட்சியில் நடந்தது இதற்கு நேர் எதிர். பைடன் அயோவாவில் நான்காமிடம், இங்கே ஐந்தாமிடம். முடிவு வருவதற்கு முன்பே, வாக்குப்பதிவு நாள் மாலையிலேயே விமானம் ஏறித் தென் கரோலினா போய்விட்டார். இங்கே அவருக்காக உழைத்தவர்கள் முகம் தொங்கிப்போய் நின்றார்கள். அங்கே அந்த மாநிலத்தின் கறுப்பின எம்.பி. ஜிம் கிளைபர்ன் ஆதரவு கொடுத்தார், கறுப்பின வாக்காளர்கள் கை கொடுத்தார்கள், பைடன் பெருவெற்றி பெற்றார். அடுத்த இரண்டு நாளில் போட்டியாளர்கள் பூட்டஜெஜும் க்ளோபச்சாரும் விலகி அவரை ஆதரித்தார்கள். மார்ச் 3 அன்று 14 மாநிலங்களில் பத்து அவருக்கு. 1987இல் முதல் தடவை நின்று, பிறர் பேச்சைத் திருடிப் பேசியதாகச் சிக்கி வெளியேறியவர். 2008இல் அயோவாவில் ஒரு சதவீதம்கூட எடுக்காதவர். அவரை ‘வளரும் தலைவர்’ என்று 1987இல் கணித்தவர் யாராவது இருந்தால் 33 வருடம் பொறுத்திருந்து காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவு சொல்லிவிட்டு, கணிக்கவே முடியாது என்று நான் சொல்லப்போவதில்லை. ஒரு அறிகுறி நன்றாக வேலை செய்கிறது. சுவாரசியம் இல்லாத அறிகுறி என்பதால் காணொளிக்காரர்கள் அதைத் தொடுவதில்லை. அது துணை அதிபர் பதவி. ட்ரூமனில் தொடங்கி கமலா ஹாரிஸ் வரை துணை அதிபராக இருந்தவர்கள் 16 பேர். அவர்களில் பத்துப் பேர் பிறகு தங்கள் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆனார்கள். வேறு எந்தப் பதவிக்கும் இப்படி ஒரு விகிதம் கிடையாது. அந்தப் பத்தில் ஐந்து பேர்தான் தேர்தலில் வென்று அதிபர் ஆனார்கள் என்பது வேறு விஷயம். துணை அதிபர் பதவிக்கு நின்று தோற்றவர்களுக்கு இந்த யோகம் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அப்படித் தோற்று, துணை அதிபராக ஒருநாளும் இருக்காமல், பின்னாளில் அதிபர் வேட்பாளரானவர் பாப் டோல் ஒருவர்தான். அதற்கும் இருபது வருடம் ஆனது.

இதில் வேடிக்கை, துணை அதிபரைத் தேர்ந்தெடுப்பது ஒரே ஒரு ஆள். அப்படியானால் பத்து வருடம் கழித்து யார் வேட்பாளர் என்ற கேள்வி, இன்னும் வேட்பாளரே ஆகாத ஒருவர் மனதில் யார் இருப்பார் என்ற கேள்வியாகிவிடுகிறது. இப்போதைய துணை அதிபர் ஜே.டி. வான்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2020இல் அவர் எந்தப் பதவியிலும் இல்லை. அதற்கு முன் ட்ரம்ப்பைக் கடுமையாகத் திட்டியவர். 2022இல் ஒஹாயோ செனட் பிரைமரியில் ட்ரம்ப் கைகாட்டிய பிறகு 32 சதவீதம் எடுத்து வென்றார். செனட்டில் ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது, துணை அதிபர் வேட்பாளர். 2020இல் வந்த ‘வளரும் தலைவர்கள்’ பட்டியலில் அவரைச் சேர்த்திருந்தால் எடிட்டர் அடித்திருப்பார்.

கமலா ஹாரிஸ் கதையை நம்மவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மன்னார்குடி பக்கத்துத் துளசேந்திரபுரத்தில் அவருடைய தாத்தா கோபாலனின் ஊர்க்காரர்கள் அபிஷேகம் செய்து பேனர் கட்டியதை உலகமே படம் பிடித்தது. ஆனால் கணிப்பு என்ற கோணத்தில் அவரைப் போல் ஆட்டம் காட்டியவர் இல்லை. 2019 ஜனவரியில் ஓக்லாண்டில் சுமார் இருபதாயிரம் பேர் கூடிய தொடக்கக் கூட்டம். அவர்தான் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஜூன் 27 அன்று மியாமி விவாதத்தில் கறுப்பின, வெள்ளைப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்க்கப் பேருந்து விட்ட பழைய விவகாரத்தில் பைடனைத் திணறடித்தார், இன்னும் ஏறினார். டிசம்பரில் பணம் தீர்ந்து, முதல் வாக்கு விழுவதற்கு முன்பே விலகினார். கணிப்பு பொய். அடுத்த ஆண்டு துணை அதிபர் வேட்பாளர். அப்புறம் 2024 ஜூன் 27 அன்று, அந்த மியாமி விவாதம் நடந்து சரியாக ஐந்து ஆண்டு முடிந்த நாளில், அட்லாண்டா விவாதத்தில் பைடன் தடுமாறினார். ஜூலை 21 விலகினார். ஒரு பிரைமரியில்கூட அதிபர் பதவிக்காக வெல்லாத ஹாரிஸ் வேட்பாளர் ஆனார். கணிப்பு மெய். அவரை 2019இல் கொண்டாடியவர்களும் 2020இல் கைகழுவியவர்களும் இந்த வழியை மட்டும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு சுவாரசியமில்லாத அறிகுறி, ஏற்கெனவே ஒருமுறை நின்று நல்ல இடம் பிடித்தவரா என்பது. ரீகன் 1976இல் தோற்று 1980இல் வந்தார். மூத்த புஷ் 1980, 1988. டோல் 1988, 1996. மெக்கெய்ன் 2000, 2008. மிட் ராம்னி 2008, 2012. குடியரசுக் கட்சியில் வரிசையில் நிற்பவருக்கு டோக்கன் உண்டு என்றே சொல்வார்கள். ட்ரம்ப் வந்து அந்த வரிசையைக் கலைத்தார். ஜனநாயகக் கட்சியில் இந்தப் பழக்கம் குறைவு, ஆனாலும் ஹிலரி இருக்கிறார்.

ஆரம்பக் கருத்துக்கணிப்புகளைப் பற்றி ஒரு வரி போதும். 2003 தொடக்கத்தில் லீபர்மன், 2007 முழுக்க ஜூலியானி, 2015 தொடக்கத்தில் ஜெப் புஷ். முன்னணியில் இருந்தார்கள்.

2028க்கு வருவோம். ட்ரம்ப் மறுபடி தேர்ந்தெடுக்கப்பட 22ஆவது திருத்தம் இடம் கொடுக்காது. வெளிநாட்டில் பிறந்த ஷ்வார்ஸ்னெக்கருக்கும் நியூயார்க் மேயர் மம்தானிக்கும் அரசியல் சட்டமே கதவைச் சாத்திவிட்டது, அந்தக் காணொளிகளை எனக்கு அனுப்ப வேண்டாம். குடியரசுக் கட்சியில் வான்ஸ். மேலே சொன்ன பதினாறுக்குப் பத்து கணக்கே காரணம், அவருடைய பேச்சோ புத்தகமோ அல்ல. ரூபியோ இப்போது வெளியுறவு அமைச்சர். டைம் அட்டை வந்து 15 ஆண்டு கழித்துப் பலித்தாலும் பலிக்கலாம், பைடன் கதையைப் பார்த்தவர்கள் எதையும் தள்ள மாட்டார்கள். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்து விவேக் ராமசாமி 2024இல் அயோவாவில் நான்காமிடம் வந்தார், இப்போது ஒஹாயோ ஆளுநர் பதவிக்கு நிற்கிறார். அவருக்கும் வான்ஸுக்கும் ஒரே மாநிலம், ஒரே கூட்டம். இடம் காலியில்லை.

ஜனநாயகக் கட்சியில் நான் பார்ப்பது காலண்டரை. கலிஃபோர்னியாவின் கேவின் நியூசம், மிச்சிகனின் கிரெட்சன் விட்மர் இருவரின் பதவிக்காலமும் 2027 ஜனவரியில் முடிகிறது. பென்சில்வேனியாவின் ஜாஷ் ஷபீரோ, இல்லினாயின் பிரிட்ஸ்கர் இருவருக்கும் 2026 நவம்பரில் மறுதேர்தல். வென்ற கையோடு அடுத்த மாதமே அதிபர் ஆசையைக் காட்டினால் உள்ளூரில் முகம் சுளிப்பார்கள். கென்டக்கியின் ஆண்டி பெஷியர் 2027 டிசம்பரில் விடுபடுகிறார். ட்ரம்ப் 30 புள்ளி வித்தியாசத்தில் வென்ற மாநிலத்தில் 2019இல் ஐயாயிரம் சொச்சம் ஓட்டில் ஜெயித்து, 2023இல் ஐந்து புள்ளி வித்தியாசத்தில் மறுபடி ஜெயித்தவர். பேச்சு சுமார்தான். யாரும் எனக்கு அவர் காணொளியை அனுப்பியதில்லை.

கணிப்புகளில் நியூசம் பெயர்தான் அடிக்கடி மேலே இருக்கிறது. அவர் ட்ரம்ப்புக்கு அவர் பாணியிலேயே பதிலடி கொடுப்பதைக் கட்சித் தொண்டர்கள் ரசிக்கிறார்கள். ஆக்சல்ராட் விதிப்படி அது நகல்தான். மக்களுக்கு 2028இல் தேவைப்படுவது சத்தமா, சத்தம் ஓய்ந்த வீடா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சத்தம்தான் என்றால் நியூசமும் நியூயார்க் எம்.பி. ஒகாசியோ கோர்ட்டஸும் பிரிட்ஸ்கரும் ஒரே வாசலில் இடித்துக்கொள்வார்கள், 2016இல் இங்கே ஐந்து பேர் இடித்துக்கொண்ட மாதிரி. அமைதிதான் என்றால் ஷபீரோவும் பெஷியரும் விட்மரும். ஹாரிஸ் மறுபடி வந்தால் இரண்டு பக்கக் கணக்கும் கலையும். எந்த மாநிலம் முதலில் என்பதும் பெரிய விஷயம். 2024இல் கட்சி தென் கரோலினாவை முன்னால் தள்ளியது. எங்கள் ஊர் அதை மதிக்காமல் ஜனவரி 23 அன்று தானே நடத்தியது. வாக்குச்சீட்டில் பெயரே இல்லாத பைடன், மக்கள் கையால் எழுதிப் போட்டு ஜெயித்தார்.

சென்னை நண்பன் நியூசம் மேல் கண்ணை மூடிக்கொண்டு பந்தயம் கட்டத் தயார் என்கிறான். வான்ஸுக்கு நான் பத்துக்கு ஆறு தருவேன். ஜனநாயகக் கட்சியில் யாருக்கும் பத்துக்கு இரண்டுக்கு மேல் தரமாட்டேன். கட்டாயம் ஒரு பெயர் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் பெஷியர், ஒரு பிரியாணிக்கு. 2026 நவம்பர் முடிந்ததும் மான்செஸ்டரில் யார் முதலில் அலுவலகத்துக்கு வாடகை இடம் தேடுகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பந்தயத்தை மாற்றிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு என்றும் சொல்லி வைத்திருக்கிறேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை.